தம்பியின் இடது கை

என் தம்பியின் இடது கையைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுவதுமாகச் சொன்னதில்லை. உங்களில் சிலர் அவனைப் பார்த்திருப்பீர்கள். திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில், மடங்கிப்போன விரல்களை டயருக்குள் மாட்டி இழுத்துக்கொண்டிருப்பான். "பிறவியிலேயே இப்படியா?" என்று கேட்பவர்களிடம் "ஆமா" என்றுவிடுவான். அது பொய். பிறவியில் அந்தக் கை வேறு மாதிரி இருந்தது. நம் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறோம். அவனும் போய்விட்டான். இனிச் சொன்னால் யாருக்கும் நோகாது என்றுதான் எழுதுகிறேன்.

அவன் பிறந்தபோது இடது கையின் நான்கு விரல்களும் நகம் வரை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டைவிரல் மட்டும் தனி. விரல்களுக்கு நடுவில் இருந்தது மெல்லிய தோல்தான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தத் தோல் மாதுளை முத்துபோலச் சிவக்கும். உள்ளே எலும்புகள் கோடு கோடாகத் தெரியும். எனக்கு அது அசிங்கமாகத் தோன்றியதே இல்லை. கோடையில் வைகை வற்றியதும் மணலில் ஊற்றுத் தோண்டுவோம், நினைவிருக்கிறதா? நாம் அள்ளினால் வாய்க்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் விரலிடுக்கில் போய்விடும். தம்பி அள்ளினால் ஒரு சொட்டு ஒழுகாது. "குடிக்கா" என்று என் வாயருகே நீட்டுவான். மணல் வாசனையும் அவன் உள்ளங்கைச் சூடும் கலந்த அந்தத் தண்ணீரின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

தெருவில் அவனுக்கு 'வவ்வா' என்று பெயர். கை அப்படி ஆனதற்குக் காரணம் அம்மா என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் வயிற்றிலிருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்ததாம். அம்மா குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தாளாம். நாங்கள் வேதக்காரர்கள், கோவிலில் பாதிரியார் கிரகண பயமெல்லாம் அஞ்ஞானம் என்பார். ஆனாலும் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அதைச் சொல்லாமல் போனதில்லை.

"வீட்டுக்குள்ள இருடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? ஒரு கொடம் தண்ணிக்கு எந்தம்பி புள்ளையோட கை போச்சு."

அம்மா பதில் பேசமாட்டாள். அத்தையின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். அப்பாவும் இலையைப் பார்த்தே சாப்பிடுவார்.

அப்பா ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டராக இருந்தார். பாட்டில்களில் பாம்பையும் தேளையும் அடைத்து வைப்பதும், செத்த பிராணிகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து எலும்பை மட்டும் எடுத்து, பித்தளைக் கம்பியில் கோர்த்து நிறுத்துவதும் அவர் வேலை. எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் ஒரு பிடி எலும்பைக் கலைத்துப் போட்டால், இது எலி, இது ஓணான் என்று கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவார். அங்கே விலங்கியல் நடத்திய புரபசர் ஐயாவுக்கு அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

உப்புக்காக ஜனங்கள் நடந்த வருஷத்துக்கு முந்தைய கோடை. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. புது வகுப்புக்காக இரண்டு பலகைகள் செய்யச் சொல்லியிருந்தார் புரபசர். லீவு நாளானதால் அப்பா வேலையை வீட்டுக் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் சுண்ணாம்பும் நிணமும் கலந்த ஒரு வாடை. அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்துச் சலித்துப்போனாள். தொண்டியிலிருந்து ஓலைப்பெட்டியில் உப்புப் போட்டு ஓர் ஓங்கிலின், டால்பின் என்கிறார்களே அதன், துடுப்பு வந்தது. அதைத் திறந்த அன்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்.

பெரிய பலகையில் ஆறு எலும்புத் தொகுதிகளை வரிசையாக அறைந்தார் அப்பா: மனிதக் கை, நாயின் முன்கால், உடும்பின் முன்கால், வௌவால் சிறகு, புறாச் சிறகு, ஓங்கில் துடுப்பு. எனக்கு ஒரு தூரிகையைக் கொடுத்து வர்ணம் பூசச் சொன்னார். மேல்கை எலும்பு எதிலிருந்தாலும் சிவப்பு. முன்கையின் இரண்டு எலும்புகள் நீலம். மணிக்கட்டு மஞ்சள். விரல்கள் பச்சை. பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பறக்கிற வௌவாலிலும் நீந்துகிற ஓங்கிலிலும் என் கையிலும் அதே சிவப்பு, அதே நீலம், அதே பச்சை. வௌவாலின் பச்சை, குடைக்கம்பிகள்போல நீண்டு கிடந்தது. ஓங்கிலின் பச்சை, தடித்த துடுப்புக்குள் குட்டை குட்டையாக ஒளிந்திருந்தது.

சின்னப் பலகையில் வௌவால் சிறகுக்குப் பக்கத்தில் ஒரு தட்டான் சிறகையும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் சிறகையும் ஒட்டினார். அவற்றில் பூசுவதற்கு எலும்பே இல்லை.

"இதுக்கு எதுக்குப்பா தனிப் பலகை?" என்று கேட்டேன்.

"இது வேற கதை. தட்டானும் பறக்குது, வவ்வாவும் பறக்குது. பாக்க ஒன்னுபோலத்தான் இருக்கும், செய்யுற வேலையும் ஒன்னுதான். ஆனா ரெண்டுக்கும் சொந்தம் கெடையாது. அந்தப் பெரிய பலகையில இருக்குறதுக எல்லாம் பாக்க வேற வேற, செய்யுற வேலையும் வேற வேற. ஆனா சொந்தக்காரங்க. ஒரே வீட்டுல இருந்து பிரிஞ்சு போனவங்க மாதிரி."

தம்பி அதுவரை பேசாமல் பலகையின் முன் குந்தியிருந்தான். தன் இடது கையை எடுத்து மனிதக் கைக்கும் வௌவால் சிறகுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்தான்.

"அப்ப நான் எங்கப்பா?"

அப்பா பித்தளைக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அவன் புறாவைக் காட்டினான். அதில் பச்சை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துண்டாக இருந்தன.

"புறாவுக்கும் வெரலு ஒட்டித்தான இருக்கு? அது நல்லாத்தான பறக்குது?"

அப்பா அவன் கையைப் பலகையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். "ஒன்னோடதைச் சரியாக்கிரலாம்" என்றார்.

அந்தச் சொல்லை அன்று நான் கவனிக்கவில்லை. பின்னால் முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் அதே பாடத்தை நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் வௌவால் சிறகை வரைந்து முடிக்கும்போது அந்தச் சொல் காதில் விழும். எத்தனை விதமான கைகளைக் கோர்த்தவர் அவர்! எதையாவது தப்பு என்று சொல்லியிருப்பாரா? தன் பிள்ளையின் கை ஒன்றைத்தான் அவரால் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

பலகைகளைப் பார்க்கப் புரபசர் வீட்டுக்கே வந்தார். வந்த இடத்தில் தம்பியின் கையைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயப்படாதீங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். "கருப்பையில் எல்லாக் குழந்தைக்கும் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். அப்புறம்தான் விரல் விரலாகப் பிரியும். இவனுக்குப் பிரிகிற வேலை பாதியில் நின்றிருக்கிறது. அவ்வளவுதான்."

அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கிரகணத்தைப் பற்றிப் பேசாமல் அந்தக் கையைப் பற்றிப் பேசினார்.

ஆனால் புரபசர் அதோடு நிறுத்தவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டரைத் தமக்குத் தெரியும், விரல்களைப் பிரித்துத் தைத்துவிடலாம் என்றார். அறுப்பதற்கு முன் கையை அச்செடுத்து மியூசியத்தில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு வீட்டில் பேச்சு நடந்தது.

"வேணாங்க. அவன் அந்தக் கையால எல்லா வேலையும் செய்யுறான். எதுக்குக் கத்தி வைக்கணும்?" என்றாள் அம்மா.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போவான். அங்க நின்னு எல்லாரும் கையைப் பாப்பாக. யாரு புள்ளைன்னு கேப்பாக."

"கேட்டா என்னங்க? நம்ம புள்ளைதான்."

"ஒனக்கு ஒன்னும் தெரியாது" என்றார் அப்பா. அத்தை அவர் பக்கம். அம்மா தோற்றுப்போனாள்.

அச்செடுத்தது கல்லூரி லேபில். தம்பியின் கையில் தேங்காயெண்ணெய் தடவி, குழைத்த வெள்ளைப் பிளாஸ்டர் மாவுக்குள் அழுத்தினார் அப்பா. மாவு இறுக இறுகச் சுட்டது. தம்பிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயந்துபோய் அழுதான். ஒரு வாரம் கழித்து அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனபோது, கண்ணாடி பீரோவுக்குள் வௌவாலுக்குப் பக்கத்தில் அது இருந்தது. நக வெட்டு, உள்ளங்கை ரேகை, மணிக்கட்டில் ஒரு பழைய கொப்புளத் தழும்பு, எல்லாம் அப்படியே. மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"அக்கா, இது என் கையாக்கா?"

எனக்கு ஒரே பெருமை. "ஆமாடா. ஒன் கையேதான். இனி இங்கதான் இருக்கும். காலேஜுப் பிள்ளைக எல்லாம் பாப்பாக."

அவன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில், ஸ்டேஷனுக்குப் போகும் ஜட்காவில் என் மடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டான்.

"இந்தக் கையை வெட்டி பீரோவுல வச்சுட்டா, எனக்கு எந்தக் கையைக் குடுப்பாகக்கா?"

அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. பீரோவில் இருப்பது வெறும் மாவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அதுதான் முதல் ரயில் பயணம். இவன் அழுது ஆர்ப்பாட்டம் செய்தால் அம்மா என்னையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று பயம். "புதுக் கை குடுப்பாகடா" என்றேன். "நல்லாப் பளபளன்னு இருக்கும்." அவன் கையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

உள்ளே கொண்டுபோனபோது அவன் கத்தியது எனக்கு வராந்தாவில் கேட்டது. "எங் கையை எடுக்காதீங்க! எங் கையை எடுக்காதீங்க!" மயக்க மருந்தின் இனிப்பான வாடை கதவிடுக்கில் வந்தது. பிறகு சத்தம் நின்றது. அப்பா வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து வைத்தியத்தில் சீழுக்கு மருந்தில்லை. பத்தாவது நாளே கட்டு நாறத் தொடங்கியது. இரண்டு மாதம் அங்கேயே கிடந்தோம். அப்பா வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் வந்து, வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்து, ஞாயிறு முழுவதும் மகன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். புண் ஒருவழியாக ஆறியது. ஆறும்போதே தோல் இழுத்துச் சுருக்கி, நான்கு விரல்களையும் உள்ளங்கைப் பக்கமாக மடக்கிக்கொண்டது. விரல்கள் பிரிந்துவிட்டன, ஆனால் விரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் விரல்கள் நிமிரட்டும் என்று அப்பாவே மூங்கிலைச் சீவிச் சிம்பு செய்து கட்டினார். காலையும் மாலையும் விளக்கெண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். எத்தனையோ சிக்கலான எலும்புகளைக் கோர்த்து நிமிர்த்திய விரல்கள் அவருடையவை. அந்த நான்கு சின்ன விரல்களை அவரால் நிமிர்த்த முடியவில்லை.

கடைசிக் கட்டு அவிழ்த்த அன்று தம்பி கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"இதானாக்கா புதுக் கை?"

நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இது வேணாங்க்கா. பழசையே வாங்கிக் குடுத்துருக்கா."

மறுநாள் மத்தியானம் அவனைக் காணவில்லை. தெருவெல்லாம் தேடினோம். கடைசியில் அப்பாதான் அவனைக் கல்லூரியிலிருந்து கூட்டிவந்தார். ஆறு வயதுப் பிள்ளை, அத்தனை வெயிலில் தனியாக நடந்து, லேபுக்குள் புகுந்து, முக்காலி போட்டு ஏறி, பீரோவைத் திறந்திருக்கிறான். அச்சை இடது கையாலேயே தூக்கப் பார்த்திருக்கிறான். மடங்கிய விரல்களில் அது நிற்கவில்லை. விழுந்து நொறுங்கிவிட்டது.

அவன் அழவில்லை. சட்டைப்பையிலிருந்து வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்து என்னிடம் காட்டி, காதோடு சொன்னான்: "உள்ள எலும்பே இல்லக்கா."

அப்பா திண்டாடிப்போய் நின்றார். "புரபசர் ஐயாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அவருக்குக் கவலை அந்த மாவுக் கையைப் பற்றி அல்ல என்று இப்போது தோன்றுகிறது. எதைச் சொல்வது என்று தெரியாதவர்கள் கைக்கு அகப்பட்ட எதையாவது சொல்லிவைப்பார்கள், நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் தம்பியின் காதில் விழுந்தது அந்த வார்த்தைதான். அதற்குப் பிறகு அவன் அவரை நேராகப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எது வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான். "சாப்பிட வரச் சொல்லுங்க." "குடை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." ஒரே வீட்டில் பத்து வருஷம் அப்படியே ஓடியது. பதினாறு வயதில் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிக்கொண்டான்.

உலகச் சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி மழையில் அப்பா காய்ச்சலில் படுத்து எட்டாம் நாள் போய்விட்டார். சொல்லியனுப்பியதும் தம்பி வந்தான். உடம்பைக் கழுவி உடுத்துவது ஆண்பிள்ளையின் வேலை என்று அவனை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். நான் வெளியே வெந்நீருடன் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா. இங்க வந்து பாரு."

உள்ளே போனேன். தம்பி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அப்பா காலில் எப்போதும் போட்டிருக்கும் துணி உறைகள், அந்த மேஜோடுகள் இரண்டும் தரையில் கிடந்தன. மேஜோடு இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. பித்தவெடிப்பு என்பார், மருந்து போட்டிருக்கிறேன் என்பார். சித்திரை வெயிலிலும், கோவிலுக்குள்ளும், படுக்கையிலும் அது காலில் இருக்கும். சின்ன வயதிலிருந்தே பார்த்ததால் எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

பாதங்களில் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டு கால்களிலும் பெருவிரலுக்கு அடுத்த மூன்று விரல்கள் நகம் வரை ஒட்டியிருந்தன. நடுவில் அதே மெல்லிய தோல்.

எனக்கு ஓடிப்போய் யாரிடமாவது கத்த வேண்டும்போல இருந்தது. அம்மா கதவருகில் வந்து நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றான் தம்பி.

"கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்."

"அப்ப கெரகணம், கெரகணம்னு ஊரே பேசுச்சே. ஏம்மா வாயத் தெறக்கல?"

அம்மா சேலைத் தலைப்பால் அப்பாவின் பாதத்தில் இருந்த ஈரத்தை ஒற்றினாள். "சொல்லிருந்தா, ஒன்னைப் பாக்குறப்பல்லாம் அவுகளுக்கு அவுக காலுதான் ஞாபகம் வந்துருக்கும். ஒன்னைத் தொட்டுத் தூக்கிருக்க மாட்டாகடா. பழி எம்மேல இருந்ததாலதான் ஒன்னைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சாக. அது போதும்னு இருந்துட்டேன்."

தம்பி கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே வைத்தான்.

அந்த நேரம் அத்தை அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அப்பாவின் முகத்தைக்கூட அவள் முதலில் பார்க்கவில்லை. கண் நேராகக் காலுக்குப் போனது. அழுகை சட்டென்று நின்றது.

"மேஜோடு எங்க? சீக்கிரம் போட்டு விடுங்கப்பா. ஆளுக வர்றதுக்குள்ள போட்டு விடுங்க."

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கூடவே வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாமல் எப்படி இருந்திருக்கும்? இருபது வருஷத்துக்கும் மேலாக ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த ஒரு குடம் தண்ணீரைப் பற்றிப் பேசியவள்.

தம்பி குனிந்து மேஜோட்டை எடுத்தான். இடது கை ஒத்துழைக்காததால் வாய்ப்பக்கத்தைப் பல்லில் கடித்து விரித்துக்கொண்டு, அப்பாவின் வலது காலைத் தூக்கினான். நான் உதவப் போனேன். தலையை ஆட்டித் தடுத்துவிட்டான்.

அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

"ஊரு பாக்கும்டி!" என்றாள் அத்தை.

"பாக்கட்டும், அண்ணி. இம்புட்டு நாளு நான் பட்டது போதும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அத்தை கதவோரமாக ஒதுங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு வேட்டியும் கோட்டும் உடுத்தி, வெறுங்காலோடு பெட்டியில் கிடத்திக் கூடத்தில் வைத்தோம். நான் கால்மாட்டில் நின்றுகொண்டேன். யாராவது கேட்டால் சொல்லிவிடுவது, எல்லாவற்றையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

தெருவார் வந்தார்கள். கோவில் ஆட்கள் வந்தார்கள். வயதாகிப்போன புரபசர் ஐயாவும் தடி ஊன்றி வந்தார். ஒவ்வொருவராகத் தலைமாட்டில் நின்று, முகத்தைப் பார்த்துத் தலை குனிந்து, ஒதுங்கிப் போனார்கள். பெட்டியை மூடும்வரை அவர் கால்களை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.